கப்பல் ஏறிய கிளை

ராயகிரியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களுக்குப் பொழுதைப் போக்க நல்ல வழி ஒன்று உண்டு. கொடிக்கம்பங்களை எண்ணலாம். எங்கள் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் குறைச்சல் இல்லை. கம்பம் என்று பெயரே தவிர, அது தண்ணீர் போகிற இரும்புக் குழாய்தான். உச்சியில் ஒரு கப்பி, அதில் வெயிலில் நார்நாராகப் போன நைலான் கயிறு. அடியில் சிமெண்டு மேடை. அதில் பதித்த கல்லில் திறந்து வைத்த தலைவரின் பெயர் பெரிதாகவும், கிளைச் செயலாளரின் பெயர் சிறிதாகவும், கடைசி வரியில் ‘உபயம்’ என்று ஒரு பெயரும் இருக்கும். அந்த உபயதாரர் பெயருக்குப் பக்கத்தில் பல நேரம் ஒரு வெளிநாட்டு ஊர் அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கும். பொது இடத்துக் கம்பங்களை அகற்றச் சொல்லி 2025 ஜனவரியில் ஓர் உத்தரவு வந்தது. அதைப் பிறப்பித்தது உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. கிளைகளுக்கு ஆபத்து இன்னொரு கிளையிடமிருந்து வந்ததை டீக்கடையில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கட்சிக் கிளை என்பது நமக்கு அவ்வளவு பழகிப்போன பொருள். வேப்பமரம் மாதிரி இங்கேயே முளைத்தது என்று நினைக்கிறோம். சொல் இங்கே முளைத்ததுதான். பழந்தமிழில் கிளை என்றால் சுற்றம். கிளைஞர் என்றால் உறவினர். தென்பாண்டிச் சீமையின் கொண்டையங்கோட்டை மறவர்களிடம் இன்றும் கிளை என்பது தாய்வழியாக வருவது. பிள்ளைக்கு அப்பா கிளை கிடையாது, அம்மா கிளைதான். ஒரே கிளைக்குள் பெண் எடுப்பதில்லை. ஆனால் சந்தா, செயலாளர், ரசீதுப் புத்தகம், தீர்மானம் என்று ஒரு கட்சி தன்னைத் துண்டு துண்டாக்கி ஊர் ஊராக நட்டு வைக்கிற அந்த வித்தை வெளியூர்ச் சரக்கு. அது கப்பலேறி வந்தது. பிறகு நம் ஆட்களோடு கப்பலேறிப் போனது.

முதல் வரவே ஒரு விபத்து. 1789-ல் பிரெஞ்சுப் புரட்சியின்போது பாரிஸில் பழைய மடம் ஒன்றில் கூடியவர்கள் ஜாக்கோபின்கள். அவர்கள் கண்டுபிடித்த தந்திரம் கடிதம். மாகாண ஊர்களில் இருந்த சங்கங்களைக் கடிதப் போக்குவரத்தால் தாய்ச் சங்கத்தோடு இணைத்துக்கொண்டார்கள். எட்டு ஆண்டு கழித்து, பிரான்சுவா ரிப்போ என்ற கடற்கொள்ளைக் கப்பல்காரர் சேதமடைந்த கப்பலோடு மங்களூரில் கரை ஒதுங்கினார். அவர் வந்தது மொரீஷியஸ் பக்கமிருந்து. திப்பு சுல்தானிடம் போய், தான் பெரிய தூதுவர் என்று சொல்லிக்கொண்டார். 1797 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சுதந்திர மரம் நட்டு, அங்கிருந்த பிரெஞ்சுச் சிப்பாய்களும் கைவினைஞர்களும் ஜாக்கோபின் சங்கம் ஒன்று நடத்தினார்கள் என்றும், திப்புவைக் ‘குடிமகன்’ என்று அழைத்தார்கள் என்றும் ஆங்கிலேயர் கைப்பற்றிய காகிதங்கள் சொல்கின்றன. 1799-ல் திப்பு மீது படையெடுத்ததை நியாயப்படுத்த அந்தக் காகிதங்கள் ரொம்பவும் வசதியாக இருந்தன என்பதால், சங்கம் உண்மையா என்றே சந்தேகப்படும் வரலாற்று ஆசிரியர்களும் உண்டு. எனக்கும் பாதிச் சந்தேகம்தான். ஆனால் கடல் கடந்த கட்சிக் கிளை என்றாலே அரசாங்கங்களுக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல முதல் உதாரணம் கிடைக்காது.

வார்டு, வட்டம் என்கிற கணக்கு இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தது. 1867 சட்டத்தில் அந்த ஊருக்கு 3 எம்.பி.க்கள் கிடைத்தார்கள்; வாக்காளருக்கோ 2 ஓட்டுதான். மூன்றாவது இடம் எதிர்க்கட்சிக்குப் போகட்டும் என்பதே ஏற்பாடு. லிபரல் கட்சிக்காரர்கள் வார்டுக்கு ஒரு கமிட்டி போட்டு, இந்த வார்டு இந்த இருவருக்கு, அந்த வார்டு அந்த இருவருக்கு என்று பிரித்துச் சொல்லி, 1868-ல் மூன்றையும் அள்ளிக்கொண்டார்கள். ‘காக்கஸ்’ என்று எதிரிகள் திட்டினார்கள். திட்டிக்கொண்டே காப்பியும் அடித்தார்கள். 1877-ல் ஜோசப் சேம்பர்லின் இதை நாடு முழுவதும் கோத்து தேசிய லிபரல் கூட்டமைப்பு ஆக்கினார். அந்த லிபரல் கட்சியின் வேட்பாளராகத்தான் 1892-ல் தாதாபாய் நௌரோஜி லண்டன் ஃபின்ஸ்பரியில் நின்று, விரல் விட்டு எண்ணக்கூடிய ஓட்டு வித்தியாசத்தில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குள் போனார்.

அதற்குள் இந்தியக் காங்கிரஸும் பிறந்திருந்தது. 1885 டிசம்பர், பம்பாய், 72 பேர். வேடிக்கை என்னவென்றால், நம் ஊர்ப் பக்கம் காங்கிரஸ் கமிட்டி என்ற பேச்சே இல்லாத காலத்தில், 1889-லேயே லண்டனில் அதற்கு ஒரு பிரிட்டிஷ் கமிட்டி வந்துவிட்டது. வில்லியம் வெட்டர்பர்ன் தலைவர், ‘இந்தியா’ என்று சொந்தப் பத்திரிகை. கட்சி உள்ளூரில் வேர் விடும் முன்பே கடல் கடந்து கிளை விட்டது.

அடுத்த தாவல் டர்பனுக்கு. 1894-ல் காந்தி ஊர் திரும்பக் கிளம்பி நின்றார். வழியனுப்பு விருந்தில் கையில் இருந்த செய்தித்தாளைப் புரட்டியபோது மூலையில் ஒரு சிறு செய்தி: நேட்டாலில் இந்தியரின் ஓட்டுரிமையைப் பறிக்கும் மசோதா. விருந்துக்கு வந்த வியாபாரிகள் ஒரு மாதம் தங்கிப் போகச் சொன்னார்கள். அந்த ஒரு மாதம் இருபது வருஷமாக நீண்டது தெரிந்த கதை. அமைப்பு ஒன்று தொடங்கினார்கள். பெயர் என்ன வைப்பது? காந்தி அதுவரை எந்தக் காங்கிரஸ் மாநாட்டுக்கும் போனவர் இல்லை. அதன் விதிமுறைகள் அவருக்குத் தெரியாது. தாதாபாய் மேல் இருந்த பக்தியில், நேட்டால் இந்தியக் காங்கிரஸ் என்று பெயர் சூட்டிவிட்டார். தாய்க் கட்சி சம்மதம் தரவில்லை, கேட்கப்படவும் இல்லை. நல்ல கடைப் பெயரைப் பார்த்து வெளியூரில் அதே பெயரில் கடை போடுகிறோமே, அந்த மாதிரி.

சந்தா மாதம் குறைந்தது 5 ஷில்லிங். வியாபாரி அப்துல்லா சேட் 2 பவுண்டு எழுதினார், காந்தி 1 பவுண்டு. எழுதுவது சுலபம், வசூலிப்பதுதான் பாடு. மாதா மாதம் அலைந்து சலித்து, பிறகு ஆண்டுக்கு 3 பவுண்டு என்று மாற்றினார்கள். டோங்காட்டில் ஒரு வீட்டுக்கு வசூலுக்குப் போனதை காந்தியே எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் வசதியானவர், 6 பவுண்டு எதிர்பார்த்தார்கள். அவர் 3-க்கு மேல் ஒரு பென்னி கிடையாது என்றார். வந்தவர்கள் சண்டை போடவில்லை, எழுந்து போகவும் இல்லை. பசியோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். உடன் வந்த உள்ளூர் வியாபாரிகளும் சேர்ந்து கெஞ்சினார்கள். விடியற்காலையில் மனிதர் இளகி 6 பவுண்டைக் கொடுத்து, சாப்பாடும் போட்டார். நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிற எந்தக் கிளைச் செயலாளரும் இதைப் படித்தால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழருக்கு முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். சந்தாவே அதில் பாதி. ஆகவே பெயரில் இந்தியர் எல்லோரும் இருந்தாலும், உறுப்பினர் பட்டியலில் கூலிகள் இல்லை. ஒருநாள் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்துக்கு வந்து நின்றார். முதலாளி அடித்திருந்தார். அவர் பேசியது தமிழ்; குமாஸ்தா தமிழ் தெரிந்தவர், அவர்தான் கேட்டுச் சொன்னார். வேறு முதலாளியிடம் பாலசுந்தரத்தை மாற்றி விட்டதும் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. அதற்குப் பிறகுதான் அந்த வியாபாரிகள் கிளைக்குள் கூலியின் பிரச்சினை நுழைந்தது. கடல் தாண்டிய கிளைகளை எங்கே பார்த்தாலும் எனக்கு இதே கதைதான் தென்படுகிறது: கொடியும் பெயரும் தாய்நாட்டிலிருந்து வருகின்றன, வேலையை வாசலில் வந்து நிற்கிற ஆள் தீர்மானிக்கிறான்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு பயணமும் நடந்தது. பிரான்ஸுக்கு இந்தியாவில் மிச்சமிருந்தவை புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் என்ற ஐந்து துண்டுகள். 1871 முதல் இந்தத் துண்டுகளுக்குப் பாரிஸ் பாராளுமன்றத்தில் ஓர் இடம் இருந்தது. உட்கார்ந்தவர்களில் பலர் பாரிஸ்வாசிகள். ஓட்டு மட்டும் இங்கே. 1910-ல் அப்படி ஒரு வேட்பாளருக்குத் தேர்தல் வேலை பார்க்கப் பால் ரிஷார் என்ற பிரெஞ்சுக்காரர் கப்பலேறி வந்தார். வந்த இடத்தில், அந்த ஆண்டுதான் புதுச்சேரிக்கு ஒதுங்கியிருந்த அரவிந்தரைச் சந்தித்தார். 1914-ல் தானே வேட்பாளராக மறுபடி வந்தார், மனைவி மீராவோடு. தேர்தலில் படுதோல்வி. ஆனால் அந்த மீராதான் பிற்காலத்து அன்னை. ஆசிரமம், ஆரோவில் எல்லாவற்றையும் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனால் ஒரு முனையில் தோற்றுப்போன ஒரு பிரெஞ்சுத் தேர்தல் கிடக்கிறது.

அதே 1910-ல் வ.வே.சு. ஐயரும் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அவர் லண்டன் ஹைகேட்டில் சியாம்ஜி கிருஷ்ண வர்மா 1905-ல் திறந்த ‘இந்தியா ஹவுஸ்’ கூட்டத்துக்காரர். நீலகண்ட பிரம்மச்சாரியின் பாரத மாதா சங்கம் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ரகசியமாக ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. லண்டனில் படித்த பாடம் புதுச்சேரி வழியாகச் செங்கோட்டை வாஞ்சிநாதனின் கைக்கு வந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். ரகசியச் சங்கத்துக்கு மேடையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆனாலும் நம் மலையடிவாரத்துக்கு வந்த முதல் ‘வெளிநாட்டுக் கிளை’ அதுதான் என்று சொன்னால் யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

1920 நாக்பூர் மாநாட்டில் காந்தி டர்பனில் கற்ற பாடத்தைத் திருப்பி எழுதினார். ஐந்து ஷில்லிங் இல்லை, வருஷத்துக்கு நாலணா. மொழிவாரி மாகாணக் கமிட்டி, அதன் கீழ் ஜில்லா, தாலுகா என்று கிராமம் வரை. லண்டன் பிரிட்டிஷ் கமிட்டியையும் அதன் பத்திரிகையையும் இழுத்து மூடினார்கள். கிளைகள் ஊருக்குள் நுழைந்தன. கடல் கடந்த முதல் கிளை வெட்டப்பட்டது. ‘நாலணா மெம்பர்’ என்ற பேச்சு இன்னும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. சீனர்களும் இதே வேலையில் இருந்தார்கள்: சுன் யாட்-சென் 1906-லேயே சிங்கப்பூரில் தன் புரட்சிச் சங்கத்துக்குக் கிளை வைத்தார். அதன் வாரிசான கோமின்டாங் கட்சி மலாயாவில் இயங்குவதை 1930-ல் கவர்னர் கிளமென்டி தடை செய்தார். ஆளுகிறவர்களுக்கு மறுபடியும் வயிற்றுக் கலக்கம்.

இலங்கைக்கு வருவோம். 1939-ல் அங்கே அரசுத் துறைகளில் தினக்கூலியாக இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நீக்கும் முடிவு வந்தது. பேசிப் பார்க்க நேரு கொழும்புக்குப் பறந்தார். அரசாங்கத்தோடு பேசியதில் பெரிதாகப் பலன் இல்லை. அங்கிருந்த இந்தியச் சங்கங்களோ ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமல் இருந்தன. அவற்றை உட்கார வைத்துப் பேசி, ஜூலை 25 அன்று இலங்கை இந்தியக் காங்கிரஸைத் தொடங்க வைத்தார். வந்த வேலை ஒன்று, நடந்த வேலை இன்னொன்று. கொழும்பு வியாபாரிகளின் சபையாக இருந்திருக்க வேண்டியது, மலையேறியதும் ஆளே மாறிப்போனது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பத்தடிக்குப் பத்தடி அறையில் குடும்பம் நடத்தியவர்கள் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே தொழிற்சங்கம் வந்தது. தோட்டத்துக்கு ஒரு தலைவர், ஒரு கமிட்டி. ‘சந்தா’ என்ற சொல் கட்சிக்குக் கொடுக்கும் காசாக இல்லாமல், கங்காணிக்கும் துரைக்கும் எதிரே நிற்கக் கிடைத்த காப்பாக ஆனது.

1947 தேர்தலில் தோட்டப் பகுதிகளிலிருந்து இந்தக் காங்கிரஸ்காரர்கள் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். நுவரெலியாவில் அவர்களில் ஒருவரான தொண்டமான் ஜெயித்தார். மறு ஆண்டே 1948-ன் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். அப்போதுதான் பெயரில் இருந்த ‘இந்திய’ உறுத்த ஆரம்பித்தது. இந்த நாட்டுக் குடிமகன் என்று வாதாடுகிறவன் கையில் வைத்திருக்கும் கட்சிச் சீட்டில் ‘இந்திய’ என்று அச்சாகியிருந்தால் எப்படி? 1950-களில் அது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. அடிமரத்தின் பெயரில் பாதியை வெட்டி எறிந்த பிறகே கிளைக்கு அந்த மண்ணில் நிற்க முடிந்தது. மலாயாவில் 1946-ல் ஜான் திவி தலைமையில் பிறந்த மலாயா இந்தியக் காங்கிரஸுக்கு அந்த நெருக்கடி வரவில்லை. இனத்துக்கு ஒரு கட்சி என்பதே அங்கு நடைமுறையாகிவிட்டதால், ‘இந்தியன்’ என்பது நாட்டைக் குறிக்காமல் ஆளைக் குறித்தது. பெயரில் அந்தச் சொல் இன்றும் அப்படியே.

திராவிட இயக்கமும் இதே பாதையில்தான் போனது. பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் இறங்கியதன் அலையில், 1932-ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் வந்தது. அதில் முக்கியமானவரான கோ. சாரங்கபாணி 1935-ல் ‘தமிழ் முரசு’ தொடங்கினார். இலங்கையில் இளஞ்செழியன் தலைமையில் இயங்கிய திராவிட முன்னேற்றக் கழகத்தை 1962-ல் அரசு தடை செய்தது. சென்னையில் தி.மு.க. பிரிவினை பேசிக்கொண்டிருந்த நேரம் அது. கொழும்பில் அது வேறு மாதிரிக் காதில் விழுந்தது. தடை போட்ட அரசுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் அதிகாரம் இல்லை: சென்னைக் கழகத்தின் பெரிய நட்சத்திரம் 1917-ல் பிறந்தது கண்டிப் பக்கத்து நாவலப்பிட்டியில்.

எனக்குப் பிடித்த கதை இதைவிட வீட்டுக்குக் கிட்டே இருக்கிறது. ராயகிரியிலிருந்து வாசுதேவநல்லூர், புளியங்குடி தாண்டித் தெற்கே போனால் கடையநல்லூர். நெசவு நொடித்த காலத்தில் அந்த ஊர் முஸ்லிம்கள் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்கள். மற்ற ஊர்க்காரர்கள் ஆண்களாகப் போய்ச் சம்பாதித்துத் திரும்ப, இவர்கள் பெண்டு பிள்ளைகளோடு போய் தஞ்சோங் பகார் பக்கம் குடியேறினார்கள். 1941-ல் அவர்கள் ஓர் அமைப்பு தொடங்கினார்கள்: சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக். ஊரில் ஜின்னாவின் லீக் உச்சத்தில் இருந்த நேரம் அது. பெயரைக் கேட்டால் பெரிய அரசியல் என்று தோன்றும். அது செய்த பெரிய வேலை ஒரு பள்ளிக்கூடம். போர் முடிந்ததும், 1946-ல், உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி. 1982 வரை அது நடந்தது. அந்தப் பெயர் இன்றும் சிங்கப்பூரின் தமிழ்மொழி நிலையம் ஒன்றுக்கு இருக்கிறது.

இதற்கிடையில் 1947-ல் அகில இந்திய முஸ்லிம் லீக் என்ற மரமே இரண்டாகப் பிளந்தது. இந்தியப் பக்கத்து மிச்சத்தை 1948 மார்ச்சில் சென்னையில் வைத்து ஒன்றுசேர்த்தவர் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத். அடிமரத்துக்கு இத்தனை நடந்தும் கடையநல்லூர்க்காரர்களின் லீக் தன் பெயரை மாற்றாமல் கல்வியும் சமூகப் பணியுமாக இருக்கிறது. சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக்கு உலகமே வரிசையில் நிற்கிற மேக்ஸ்வெல் உணவங்காடி இருக்கிறதே, அதன் விலாசம் 1, கடையநல்லூர் தெரு. கட்சிப் பெயரை அங்கே யாரும் கேட்பதில்லை, ஊர்ப் பெயர் மட்டும் பலகையில் நிற்கிறது.

இப்போது வளைகுடா நாடுகளில் நாம் தமிழர் கட்சிக்குச் ‘செந்தமிழர் பாசறை’ உண்டு, தி.மு.க.வில் அயலக அணி உண்டு. பா.ஜ.க.வின் வெளிநாட்டு நண்பர்கள் அமைப்பு 2020-ல் அமெரிக்காவின் அந்நிய முகவர் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொண்டது. கட்சிக்கே இடமில்லாத நாடுகளில் கிளைகள் ரத்ததான முகாமும் பொங்கல் விழாவும் நடத்துகின்றன. காசு ஒருவழியாகக் கடல் தாண்டிப் போன காலம் போய், ராயகிரிக் கல்வெட்டின் ‘உபயம்’ வரியில் திரும்பி வருகிறது.

புதுச்சேரிக்கு மட்டும் கடைசி வரை தனிக் கணக்கு. பிரெஞ்சு இந்தியச் சோஷலிஸ்ட் கட்சியை 1947-ல் தொடங்கி, பிரான்ஸின் செல்லப் பிள்ளையாக இருந்த எதுவார் குபேர், 1954 மார்ச்சில் நெட்டப்பாக்கத்தில் போய் இந்தியக் கொடியை ஏற்றினார். அந்த அக்டோபரில் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேரச் சொன்னார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். குபேர் காங்கிரஸில் சேர்ந்து 1963-ல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் ஆனார். ஒரே கிளை ஒரு மரத்திலிருந்து கழன்று இன்னொன்றில் ஒட்டிக்கொள்ள சில மாதம்தான் ஆனது.

ஆனாலும் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 2022 ஏப்ரலில் அவர்கள் புதுச்சேரியில் வரிசையில் நின்று பிரான்ஸின் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். அங்கே விரலில் மை வைப்பதில்லை. வேட்பாளர் பெயர்ச் சீட்டை மடித்து உறையில் இட்டு, கண்ணாடிப் பெட்டியில் போட வேண்டும். போட்டதும் எதிரே இருப்பவர் உரக்க “அ வோத்தே” என்கிறார். ஓட்டுப் போட்டாயிற்று என்று அர்த்தம். பட்டியலில் கையெழுத்திட்டுவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வருகிறார் ஒரு பெரியவர். தெருமுனையில் நம் ஊர்க் கொடிக்கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன.